ஐம்பத்தேழு குடைகள்

எங்கள் பட்டாலியனில் எல்லோருக்கும் ஒரே அரக்கு நிறத் தொப்பிதான். விமானத்திலிருந்து குதிக்கிறவனுக்கும் அதே தொப்பி, அவனுக்குச் சோறு வடிக்கிறவனுக்கும் அதே தொப்பி. வித்தியாசம் நெஞ்சில் இருக்கும். குதிக்கிறவன் சட்டையில், இடது பைக்கு மேலே, நூலில் தைத்த இரண்டு இறக்கைகள். என் சட்டையில் அந்த இடம் எட்டு வருடமாகக் காலி.

என் இடது காதுச் சவ்வில் பொடி ஓட்டை ஒன்று உண்டு. மேலே போனால் காற்றழுத்தம் தாங்காது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். நான் விடவில்லை. மூன்று முறை மனுப் போட்டேன். டாக்டரும் மூன்று முறை விளக்கடித்துப் பார்த்து, "ஓட்டை இன்னும் அங்கயேதான் இருக்கு" என்றார். நான் அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

அதனால் நான் எழுத்தர். குதிப்பு நாளில் எந்த விமானத்தில் யார், எத்தனையாவது ஆள் என்று பட்டியல் தட்டெழுதி, காலை எட்டு மணிக்கு மேஜரிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. பிறகு ஆம்புலன்ஸில் ஏறி, அவர்கள் இறங்கும் மைதானத்துக்குப் போய், விரிகிற பாராசூட்டுகளை எண்ண வேண்டும். எங்கள் ஆட்கள் பாராசூட்டைக் குடை என்றுதான் சொல்வார்கள். எண்ணுகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர். கடைசி ஆளின் கால் தரையில் படும் வரை ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பட்ட பிறகு இருவரும் ஒரே மூச்சில் எண்ணிக்கையைச் சொல்லிப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்போம்.

முதல் ஆறு வருடம் எனக்கு அங்கே "தரை" என்றுதான் பெயர். "தரை, என் லீவு என்னாச்சு?" "தரை, டீ குடிச்சியா?" என்பார்கள். இரண்டு வருடம் முன்பு என் மனைவியின் தம்பி அதே பட்டாலியனில் சேர்ந்தான். வந்த அன்றே சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை பேர் நடுவில், "மாமா, இங்க தண்ணி எங்க இருக்கு?" என்று கத்தினான். ஒரே வாரத்தில் சமையல்காரர் முதல் கேப்டன் வரை எல்லோருக்கும் நான் மாமா ஆகிவிட்டேன். மேஜர் மட்டும் கூப்பிடவில்லை, அவருக்கும் வாய் வரைக்கும் வந்திருக்கும். மச்சினன் எனக்குக் கொடுத்த சீதனம் அந்தப் பெயர். அதற்காகவே அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவனுக்கு ஆறு வயதில் தாய் போய்விட்டாள். அப்போது பதினான்கு வயதாயிருந்த என் மனைவிதான் அவனை வளர்த்தாள். அவன் படையில் சேர்ந்த அன்று அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மேல போனதும் உங்களால ஒண்ணும் பண்ண முடியாது, அது எனக்குத் தெரியும். கீழ இருக்கிற வரைக்கும் அவனைப் பாத்துக்குங்க."

அவன் குதிக்கும் ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்குப் போய் அதை அப்படியே நடித்துக் காட்டுவேன். கையில் தட்டோடு கூடத்தில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே, கதவு எப்படித் திறந்தது, குதிக்கச் சொல்லும் பச்சை விளக்கு எப்படி எரிந்தது, இவன் குடை எப்படி மற்றவன் குடைக்கு முன்னால் பொத்தென்று விரிந்தது என்று எல்லாம் சொல்வேன். நானே குதித்த மாதிரி எனக்கு வியர்த்துவிடும். "உக்காந்து சாப்பிடுங்களேன். உங்களுக்கு நாற்காலி வாங்கிப் போட்டதே தண்டம்" என்பாள் மனைவி. உண்மைதான், எனக்கு உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிவிட்டுத்தான் என்னைப் பெற்றார்கள் என்று நினைக்கிறேன். மச்சினன் மட்டும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். தம்பட்டம் அடிக்காத பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

அந்த வியாழக்கிழமை அவனுக்குப் பத்தாவது குதிப்பு. பத்து முடித்தால் இறக்கையைச் சுற்றிப் பொன்னிற நூலில் ஓரம் தைத்துக் கொடுப்பார்கள். காலை ஏழு மணிக்கு அவன் என் மேசை முன்னால் வந்து நின்றான். முந்தின நாள் குடியிருப்புப் படியில் கால் பிசகி, ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்திருந்தான்.

"மாமா, ஆஸ்பத்திரியிலேருந்து சீட்டு."

வாங்கிப் பார்த்தேன். இடது கணுக்காலில் மயிரிழை விரிசல், மூன்று வாரம் குதிக்கத் தகுதியில்லை. இப்படி ஒரு சீட்டு வந்தால் கோப்பில் சேர்த்து, பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட வேண்டும். அரை நிமிட வேலை.

"வலிக்குதா?"

"நடந்தா கொஞ்சம்."

"இன்னிக்குப் பத்தாவதாச்சேடா!"

"ஆமா மாமா, பத்தாவது." அவன் என்னைப் பார்க்கவில்லை, சீட்டையே பார்த்தான். "என்ன பண்றது மாமா?"

அவன் கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறான், மாமாவாகப் பார்த்து ஏதாவது செய்ய மாட்டாரா என்று நிற்கிறான் என்று என் மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. எனக்கு மட்டும் ஒரே ஒரு முறை மேலே போக வழி கிடைத்திருந்தால் இரண்டு காலும் உடைந்திருந்தாலும் போயிருப்பேன். மயிரிழைதானே, பூட்ஸை இறுக்கிக் கட்டினால் தெரியவா போகிறது? மேசை இழுப்பறையைத் திறந்தேன். சீட்டை ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் வைத்து மூடினேன்.

"எந்தச் சீட்டு? நான் ஒண்ணும் பாக்கலையே" என்று கண்ணடித்தேன்.

அவன் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "சரி மாமா" என்று சொல்லிவிட்டு இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு போனான்.

இழுப்பறையை மூடிய நிமிடத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், ஜன்னல் வரை போனேன், வந்தேன், பட்டியலை மறுபடி சரிபார்த்தேன். இரண்டு விமானம், ஒன்றுக்கு இருபத்தொன்பது பேர், மொத்தம் ஐம்பத்தெட்டு. எட்டு மணிக்கு மேஜர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகம் வாடிப்போகுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

மைதானத்தில் என்னோடு எண்ணுகிறவர் ஆம்புலன்ஸ் டிரைவர். அவரை எல்லோரும் ரேடியோ என்போம். தூங்கும்போதும் பேசுவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். எண்ணும் நேரத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

முதல் விமானம் வந்தது. இருபத்தொன்பது குடைகள், கணக்குச் சரி. இரண்டாவது வந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. அங்கே ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. மறுபடி பதினொன்று, பன்னிரண்டு. விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு தாண்டிப் போனது. கடைசிக் குடை புல்லில் சரிந்தது. நானும் ரேடியோவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"ஐம்பத்தேழு" என்றோம் இருவரும்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு குடை விரியாமல் போயிருந்தால் அந்த ஆள் எங்கோ புல்லுக்குள் கிடக்க வேண்டும். நான் ஓடினேன். உயரமான புல், முழங்கால் வரை பனி ஈரம். குடையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தேன். "என் மச்சினன் எங்க? பாத்தியா?" என்று கண்ணில் பட்டவனையெல்லாம் கேட்டேன். முதல் விமானத்து ஆட்கள் தெரியாது என்று தலையாட்டினார்கள். இரண்டாம் விமானத்து ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வேன் என்பது மட்டும்தான் மண்டையில் சுற்றியது. கீழே இருக்கும் வரை பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கீழே இருந்தபோதுதான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

"மாமா! இங்க வாங்க!" ரேடியோ வண்டியிலிருந்து கையை ஆட்டினார். வயர்லெஸ்ஸில் செய்தி வந்திருந்தது. "ஒருத்தன் குதிக்கல. மாட்டேன்னுட்டானாம். விமானத்துலயே திரும்பி வர்றான். ரெண்டாம் விமானம், பதினொண்ணாவது ஆள்."

பட்டியலைத் தட்டெழுதியவன் நான். பதினொன்று யார் என்று நான் காகிதத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

உயிரோடு இருக்கிறான். அந்த நிமிடம் ரேடியோவைக் கட்டிப்பிடித்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுகை ஓய்ந்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. கதவு வரை போய் மாட்டேன் என்று சொன்னவனை எங்கள் பட்டாலியன் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாது. மற்றவர்கள் மைதானத்திலிருந்து திரும்புவதற்குள் ஸ்டோர்க்காரர் பிளேடால் அவன் சட்டையிலிருந்து இறக்கையைப் பிரித்துவிடுவார். அலமாரியைக் காலி செய்து, பெட்டியைக் கையில் கொடுத்து, வேறு படைக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு அவன் பெயரை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த எட்டு வருடத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

"ஒரு மணி நேரம் இருக்கு. வண்டியை எடுங்க" என்றேன். ரேடியோ சைரன் போடாத குறையாக ஓட்டினார்.

எங்கள் அலுவலகம் ஓடுபாதையை ஒட்டி இருக்கிறது. நாங்கள் வாசலில் நிற்கும்போது விமானமும் வந்து நின்றது. அவன் மட்டும் இறங்கி, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நடந்து வந்தான். அவன் நொண்டவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அது என்ன என்று நின்று யோசிக்கவில்லை.

மேஜர் அறை வாசலில் ஒரு மர பெஞ்ச் உண்டு. அதில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டான். நான் அவனைத் தாண்டி என் மேசைக்கு ஓடினேன்.

"மாமா, கொஞ்சம் உக்காருங்க."

"உக்கார நேரமில்லடா."

"ஒரே ஒரு நிமிஷம் மாமா. ஒண்ணு சொல்லணும்."

"எல்லாத்தையும் அப்புறம் சொல்லு. நான் பாத்துக்கறேன், நீ வாயைத் திறக்காம இரு." இழுப்பறையைத் திறந்து ஸ்டாம்ப் பேடை நகர்த்தினேன். சீட்டு அங்கேயே இருந்தது, ஓரத்தில் மட்டும் ஊதா மை ஒட்டியிருந்தது. கால் உடைந்தவன் குதிக்காவிட்டால் அது மறுப்பு இல்லை, அது மருத்துவக் காரணம். இந்தத் துண்டுக் காகிதம் போதும், அவன் இறக்கை தப்பிவிடும். என்ன ஆகும் என்றால் என் தலை உருளும், அவ்வளவுதான். உருளட்டும் என்று மேஜர் அறைக்குள் போனேன்.

உள்ளே ஸ்டோர்க்காரர் கையில் பிளேடோடு நின்றுகொண்டிருந்தார். மேஜர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"காலைல ஏழு மணிக்கு சார்."

"நான் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்."

"ஆமா சார்."

"நடுவுல இது எங்க இருந்துச்சு?"

"ஸ்டாம்ப் பேடுக்கு அடியில சார்."

"அவன் மறைக்கச் சொன்னானா?"

"இல்ல சார். அவன் கொண்டுவந்து கொடுத்தான். நானா மறைச்சேன்."

மேஜர் சீட்டைக் கோப்பில் வைத்து மூடினார். பிறகு ஸ்டோர்க்காரரை வெளியே போகச் சொன்னார். பிளேடு அவருடைய சட்டைப் பைக்குள் திரும்பிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

"அவன் இருக்கட்டும். கால் சரியானதும் குதிக்கட்டும்" என்றார் மேஜர். "ஆனா உடைஞ்ச காலோட ஒருத்தனை விமானத்துல ஏத்தின ஆளை நான் இந்த ஆபீஸ்ல வெச்சிருக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும் என்றேன். என்னைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார். நகரத்தின் மறுகோடியில் போர்வையும் பூட்ஸும் அடுக்குகிற சாதாரணக் கிடங்கு. அது எங்கள் பட்டாலியனைச் சேர்ந்தது இல்லை, அதனால் தொப்பியைக் கழற்றி அவர் மேசை மேல் வைக்க வேண்டியிருந்தது. இறக்கை இல்லாமல் இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிகிறோமே என்று எட்டு வருடம் கூசியவன்தான். வைத்த பிறகும் கை அதை விட மாட்டேன் என்றது.

வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. அவனைக் காலுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தியாகம் செய்துவிட்டு வந்த மிதப்பில்தான் சொன்னேன், ஒளிப்பானேன். அவள் நடுவிலேயே நிறுத்தினாள்.

"கால் உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சே ஏத்தினீங்களா?"

"மயிரிழைதான்..."

"நான் உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு." அவ்வளவுதான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் மச்சினன் கட்டுப் போட்ட காலோடு வந்தான். நான் வாசலில் நடந்துகொண்டிருந்தேன். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

"மாமா, நான் கால் வலிச்சு நிக்கல."

"சரி, விடு."

"விடுறதுக்கில்ல மாமா. கதவுகிட்ட போனதும் எனக்குக் கால் ஞாபகமே இல்ல. வேண்டாம்னு தோணிச்சு. ஒவ்வொரு தடவையும் தோணும். ஒன்பது தடவையும் முதுகுல கை வெச்சு அனுப்பினாங்க, போயிட்டேன். இன்னிக்கு மாட்டேன்னு வாயைத் திறந்து சொல்லிட்டேன். சொன்னதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? சின்ன வயசுக்கப்புறம் அப்படி ஒரு நிம்மதி எனக்கு இருந்ததில்ல."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன்.

"காலைல அந்தச் சீட்டு கிடைச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். பேரை அடிச்சிடுவீங்கன்னுதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்க இழுப்பறையை மூடிட்டீங்க. அப்புறம் பெஞ்சில உக்காந்து, பிரிச்சு எடுத்துக்கட்டும், எங்கயாவது ஒரு மேசை நாற்காலி கிடைச்சாப் போதும், மாமா மாதிரி இருந்துட்டுப் போறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் உக்காரச் சொன்னேன்."

மாமா மாதிரி. அவன் அதை எவ்வளவு ஆசையாகச் சொன்னான் என்பது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. நான் எட்டு வருடமாகச் சபித்த நாற்காலியை ஒருவன் விமானக் கதவில் நின்று ஏங்கியிருக்கிறான். இரண்டு முறை வந்து சொல்லப் பார்த்தான். இரண்டு முறையும் நான் என் ஆசையை அவன் தலையில் கட்டி அனுப்பினேன்.

"நாளைக்குக் காலைல நான் மேஜர்கிட்ட போறேன். எல்லாத்தையும் சொல்லி..."

"ஐயோ மாமா, இனி நீங்க எங்கயும் போகாதீங்க" என்றான். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எனக்காகத் தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கீங்க. இப்பப் போய் பயம்னு சொன்னா அது வீணாப் போயிடும். கால் சரியாகட்டும், குதிக்கறேன்."

கட்டுப் போட்ட காலோடு அவன் தெருமுனை வரை மெதுவாக நடந்து போனான்.

மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். கிடங்கில் பூட்ஸ் ஜோடிகளை அளவு வாரியாக அடுக்கினேன், கலைத்தேன், திரும்ப அடுக்கினேன். மேல் அதிகாரி என்னைச் சுறுசுறுப்பான ஆள் என்று பாராட்டினார். வீட்டில் மனைவி தேவைக்கு மட்டும் பேசினாள். அவன் வாசலில் சொன்னதை நான் மறுநாளே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் தம்பியிடம் போய்ப் பேசிப் பார்த்தாள், அவன் பிடி கொடுக்கவில்லை.

அவன் மறுபடி குதிக்கவிருந்த வியாழக்கிழமை காலை நானும் மனைவியும் மொட்டை மாடியில் நின்றோம். நகரத்துக்கு அப்பால் மைதானத்துப் பக்கம் வானம் வெறுமையாக இருந்தது. இரண்டு விமானங்கள் வந்தன. குடைகள் பொட்டுப் பொட்டாக விழுந்தன. என்னை அறியாமல் எண்ணினேன். எங்கும் இடைவெளி விழுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் அதெல்லாம் தெரியவில்லை.

"எத்தனை?" என்றாள். மூன்று வாரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"ஐம்பத்திரண்டு."

"சரியா இருக்கா?"

"தெரியல. பட்டியல் என்கிட்ட இல்லையே."

கீழே இறங்கிப் போய்த் தொலைபேசி பக்கத்தில் நின்றோம். நான் கூடத்தை எத்தனை முறை அளந்தேனோ தெரியாது. ஒன்பது மணிக்குக் கிடங்கில் இருக்க வேண்டும். ஒன்பதரைக்கு மணி அடித்தது. அவள் எடுத்துக் கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள், என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இறங்கிட்டேன்."

இத்தனை நாளில் ஒரு முறையும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "பயமா இருந்துச்சா?"

"ரொம்ப" என்றான். கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. "உங்க தொப்பிக்காக ஒண்ணு குதிச்சாச்சு மாமா. இனி உங்களுக்கும் எனக்கும் பாக்கி எதுவும் இல்ல. உங்க பழைய மேசையிலேருந்துதான் பேசறேன். இப்ப மேஜர் ரூம் வாசல் பெஞ்சில போய் உக்காரப் போறேன். கூப்பிட்டதும் உள்ள போய் இறக்கையை நானே பிரிச்சுக் கொடுத்துடுவேன்."

"இரு, நான் இப்பவே கிளம்பி..."

"மாமா."

நிறுத்தினேன்.

"நீங்க வர வேண்டாம். நானே சொல்லிக்கறேன். நீங்க கொஞ்சம் உக்காருங்க."

தொலைபேசியை வைத்தான். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு வாசலில் இருந்தது. சைக்கிள் சாவி ஆணியில் தொங்கியது. வேகமாக மிதித்தால் இருபது நிமிடம். நான் அந்தத் தண்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்துவிடாமல் இருக்க அதன் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.